வாலடி மூளி

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை எட்டு மணிக்கே, டேரல் எபர்லியின் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. டேரலின் அம்மா ஏப்ரலில் இறந்துபோயிருந்தார். வீட்டைக் காலி செய்தாக வேண்டும். கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, நான்கு மடக்கு மேசைகளைப் போட்டு, அம்மா ஐம்பது வருடம் புழங்கிய சாமான்களையெல்லாம் விற்பனைக்குப் பரப்பிவைத்துவிட்டு, வியர்க்க வியர்க்க நின்றிருந்தான். தலையணை உறை, வாஃபிள் சுடும் இயந்திரம், மூன்று இஸ்திரிப்பெட்டி. அவற்றுக்கு நடுவில், ஒரு பீங்கான் சேவல்.

வெர்னா ஸ்டோல்ட்ஸின் கண் நேராக அதன்மேல்தான் போய் விழுந்தது. பிஸ்கட் போட்டுவைக்கும் ஜாடி அது. கொண்டையைப் பிடித்துத் தூக்கினால் தலை மூடியாகக் கழன்று வரும். அந்தச் சிவப்பையும் மஞ்சள் கால்களையும் பார்த்த மாத்திரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஓஹாயோப் பக்கத்துப் பீங்கான் ஆலைகளில் ஒன்று ஐம்பதுகளில் கொஞ்ச காலம் மட்டும் செய்த வார்ப்பு. இதற்காக இணைய ஏலத் தளத்தில் ஆட்கள் தவம் கிடக்கிறார்கள். ஆனால் அவள் முகத்தில் ஈ உட்கார்ந்தால்கூட அசையாது. பழைய சாமானை வாங்கி அந்தத் தளத்தில் விற்பது, பதினோரு வருடமாக இதே வேலை. முதலில் ஒரு தலையணை உறையை எடுத்துப் பார்த்தாள். பிறகு வாஃபிள் இயந்திரத்தைத் திறந்து மூடினாள். அதற்கப்புறம்தான், போகிற போக்கில் என்பதுபோல், சேவலைக் கையில் எடுத்தாள்.

வாலுக்கு அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு மூளி. மேல்பூச்சு பெயர்ந்து உள்ளேயிருக்கும் வெள்ளை தெரிந்தது.

"என்னப்பா விலை இது?"

"அஞ்சு டாலர்னு ஒட்டியிருக்கேன், மிஸ் வெர்னா."

"அஞ்சா? இங்க பாரு. மூளியாக் கெடக்கு. ஒடஞ்ச சாமான யாரு வீட்ல வெச்சுப்பா? ரெண்டு தரேன்."

டேரல் அந்த மூளியைப் பார்க்கக்கூட இல்லை. "உங்களுக்கு இல்லாததா? எடுத்துட்டுப் போங்க" என்று சிரித்தான்.

டேரலுக்கு நாற்பத்து நான்கு வயதாகிறது. ஊருக்கெல்லாம் குழாய் வேலை பார்க்கிறான். இன்னமும் அவளை மிஸ் வெர்னா என்றுதான் கூப்பிடுவான். முப்பத்தொரு வருடம் அவள் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். டேரலுக்குப் பேருந்து வாடையே ஆகாது. வளைவில் திரும்பினால் வாந்தி எடுப்பான். அதனால் அவளுக்கு நேர் பின்னால் உள்ள இருக்கை அவனுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது. கையில் ஒரு காகிதப் பையும், வாயில் ஒரு பெப்பர்மின்ட்டும் கொடுத்து உட்கார வைப்பாள். நான்காம் வகுப்பு வரைக்கும் அப்படியே.

வீட்டுக்கு வந்ததும் சேவலைச் சமையலறை மேசையில் வைத்தாள். அவள் கணவன் ரஸ் குறுக்கெழுத்திலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"யாரு இந்தப் புது விருந்தாளி?"

"முந்நூறு டாலர் விருந்தாளி. கைய வெச்சுடாத."

"அப்போ ஒன் ரசிகர் மன்றத்துக்கு இன்னொரு ஆள் சேரப்போகுதுன்னு சொல்லு."

ரசிகர் மன்றம் என்று அவன் கேலி செய்வது அவளுடைய மதிப்பீட்டுப் பக்கத்தை. அந்த ஏலத் தளத்தில் அவளிடம் பொருள் வாங்கியவர்களில் ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று பேர் கருத்து எழுதியிருந்தார்கள். அத்தனையும் பச்சை. ஒரு சிவப்புக் குறிகூடக் கிடையாது. 'சொன்னது சொன்னபடி வந்தது.' 'பேக்கிங் அற்புதம்.' 'நம்பி வாங்கலாம்.' ஓய்வு பெற்ற பிறகு தன்னை யாரும் தேடுவதில்லை என்ற குறை அவளுக்கு உண்டு. காலையில் காப்பியோடு அந்தப் பக்கத்தைத் திறந்து ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்துக்கொள்வாள். பணத்தைவிட அதுதான் அவளுக்குத் தித்திப்பு.

அன்று மத்தியானம் பின்னறையில் உட்கார்ந்து, மூளியில் பசையைக் குழைத்து நிரப்பினாள். காய்ந்ததும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தாள். மருந்துக்கடையில் ஏழு விதச் சிவப்பு நெயில் பாலிஷ்களைப் புறங்கையில் கோடு கோடாகப் பூசிப் பார்த்து, பொருந்துகிற ஒன்றை வாங்கி வந்து மூன்று பூச்சுப் பூசினாள். முடித்தபோது எங்கே மூளி இருந்தது என்று அவளாலேயே தேடித்தான் கண்டுபிடிக்க முடிந்தது. இதற்கு முன்பும் இரண்டு மூன்று பொருள்களில் இப்படிச் செய்ததுண்டு. யாரும் கண்டுபிடித்ததில்லை. ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஏழு நாள் ஏலமாகப் போட்டாள். பதினான்கு படம். அடியில், 'மிக அருமையான நிலை. கீறல், விரிசல், மூளி எதுவும் இல்லை.'

திங்கட்கிழமைக்குள் எண்பது டாலரைத் தாண்டியது. செவ்வாய்க்கிழமை நூற்று அறுபது. ஆறு பேர் மோதிக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் ஒரேகானிலிருந்து யாரோ. பெயருக்குப் பதில் ஒரு புனைபெயர்தான் இருந்தது. 'வாலுக்கு அடியில், இடது பக்கம், சின்னதாக ஒரு மூளி இருக்கிறதா? தயவுசெய்து சரியாகப் பார்த்துச் சொல்ல முடியுமா?'

வெர்னா கேள்வியை இன்னொரு முறை படித்தாள். யார் இது? எப்படித் தெரியும்? படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பிறகு தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள். இந்த வார்ப்பில் அந்த இடம் உடைவது வழக்கமாக இருக்கும். சேகரிப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள், அதனால்தான் குறிப்பாகக் கேட்கிறார்கள். இப்போது ஆமாம் என்றால் விலை பாதியாகும். அதோடு போகாது, 'மூளி எதுவும் இல்லை' என்று ஏன் எழுதினாய் என்று அடுத்த கேள்வி வரும்.

'இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டேன். குறையே கிடையாது' என்று பதில் போட்டாள்.

பத்து நிமிடத்தில் மறுபடி செய்தி வந்தது. 'அப்படியென்றால் நான் தேடுவது இது இல்லை. சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்கவும். அழகான சேவல். நல்ல விலைக்குப் போகட்டும்.'

இதைப் படித்தபோது வெர்னாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மூளி இல்லை என்றால் சந்தோஷப்படுவார்கள், வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? புரியவில்லை என்றாலும் மனசுக்குள் எங்கோ உறுத்தியது. தளத்தை மூடிவிட்டு, துவைத்த துணியை மடிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை டேரலின் வண்டி வாசலில் வந்து நின்றது.

தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலிலேயே நின்றான். ரஸ் மேசையருகே உட்கார்ந்திருந்தான். பின்னறைக் கதவு திறந்துதான் இருந்தது. கதவிலிருந்து நான்கு எட்டு நடந்தால் சேவல்.

"மிஸ் வெர்னா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க வாங்கிட்டுப் போனீங்களே, அந்தச் சேவல். அது இன்னும் உங்ககிட்ட இருக்கா?"

"ஏம்ப்பா?"

"எங்க அக்கா கோலீன் இருக்கால்ல, ஒரேகான்ல. அவ போன் பண்ணி, அம்மாவோட சேவல மட்டும் எனக்கு எடுத்து வையின்னா. ரெண்டு டாலருக்குக் குடுத்துட்டேன்னு சொன்னேன். அழுது தீத்துட்டா. அதோட போன் எடுக்கறதில்ல. அஞ்சு நாளாச்சு."

வெர்னாவின் கை மேசைத்துணியின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தது.

"எனக்கு அந்தக் கதையே தெரியாது, மிஸ் வெர்னா. அவளுக்கு ஏழு வயசு இருக்கும்போது பிஸ்கட் திருடப் போயி அதக் கீழ போட்டிருக்கா. வால்ல ஒரு சில்லு போயிடுச்சு. எங்கப்பா கோவம்தான் ஊருக்கே தெரியுமே, பெல்ட்ட உருவிருவாரு. அம்மா என்ன பண்ணியிருக்காங்க, சேவலத் திருப்பி, வால் செவுத்துப் பக்கம் வர்ற மாதிரி வெச்சுட்டாங்க. அப்பா சாகற வரைக்கும் அப்பிடியேதான் இருந்துச்சு. அவருக்குத் தெரியவே தெரியாது. நானும் அது ஏன் எப்பவும் வாலச் செவுத்துல ஒட்டிட்டு நிக்குதுன்னு கேட்டதேயில்ல. அந்த மூளிதான் அம்மான்னு சொல்றா கோலீன்." அவன் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தான். "நேத்து ஒரு மெசேஜ் மட்டும் போட்டா. நெட்ல வேற தேடியிருக்கா. ஒண்ணு கெடச்சுதாம், ஆனா அதுல மூளி இல்லையாம்."

இப்போது வெர்னாவுக்கு எல்லாம் புரிந்தது. காது மடல் சுட்டது. நான்கு எட்டு நடந்து உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். கொண்டுவந்தால் வாலைத் திருப்பிப் பார்ப்பான். மூளி எங்கே என்பான். நெயில் பாலிஷ் என்று சொல்ல வேண்டும். ஒரேகான்காரிக்கு இல்லை என்று பதில் போட்டது நான்தான் என்றும் சொல்ல வேண்டும். பெப்பர்மின்ட் கொடுத்த கையால் செய்த வேலை.

"அது போயிடுச்சேப்பா" என்றாள். "அன்னிக்கே வித்துட்டேன். டெக்சஸ்காரர் ஒருத்தரு வாங்கினாரு."

"அவரு அட்ரஸ் ஏதாவது..."

"வெச்சுக்கறதில்ல."

டேரல் தலையாட்டினான். சந்தேகப்படவே தெரியாத முகம். "பரவாயில்ல. உங்க மேல என்ன தப்பு? வித்தது நானு." தொப்பியை மாட்டப் போனவன், நின்று காது கொடுத்துக் கேட்டான். "குழாய் சொட்டுதே. எத்தன நாளா?"

"அது கெடக்கு, நீ போப்பா..."

"அஞ்சு நிமிஷ வேல." வண்டிக்குப் போய்ப் பெட்டியை எடுத்துவந்து, பாத்திரத் தொட்டிக்குக் கீழே மல்லாந்து படுத்துவிட்டான். வெர்னா நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் பூட்ஸ் கால்கள் இரண்டும் தரையில் நீட்டிக்கொண்டிருந்தன. ரஸ் குறுக்கெழுத்தின்மேல் பேனாவை வைத்தபடி ஒரு எழுத்தும் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை.

"காசு எவ்வளவுப்பா?" என்று கேட்டபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"நல்லா கேட்டீங்க" என்று சிரித்துவிட்டுப் போனான் டேரல்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்த பிறகு ரஸ் எழுந்து, காப்பிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, புல் வெட்டப் போனான். நேற்றுத்தான் வெட்டியிருந்தான்.

ஏலத்தை நிறுத்திவிடலாம். விற்பவருக்கு அந்த உரிமை உண்டு. வெள்ளியும் சனியும் அவள் நிறுத்தும் பொத்தான் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பினாள். அதற்குள் இருநூற்று எண்பது ஆகியிருந்தது. பணத்துக்காக இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்தான். நிறுத்தினால் சேவல் கையில் நிற்கும். கையில் நின்றால் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். டெக்சஸுக்குப் போயிற்று என்றவள் எப்படிக் கொண்டுபோவாள்? போய்த் தொலையட்டும், உண்மையிலேயே தூரமாகப் போய்விட்டால் சொன்னது பொய்யில்லை என்றாகிவிடும். இப்படி ஒரு கணக்கும் அவள் மனதில் ஓடியது. பின்னாளில் அதை நினைத்தபோதுதான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகக் கூசியது.

ஞாயிறு ஆறு மணிக்கு ஏலம் முடிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு டாலர். வாங்கியவர் ஆர்கன்சாவில் ஒரு சேகரிப்பாளர். உடனே பணம் அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை சேவலைக் குமிழ்த்தாளில் சுற்றி, ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி வைத்துக் கட்டினாள். கனமான பெட்டிகளைக் காரில் ஏற்றுவது எப்போதும் ரஸ்தான். முதுகு வலிக்கிறவள் என்று அவளைத் தொடவிடமாட்டான்.

"ரஸ், பெட்டி ரெடி."

அவன் நாற்காலியைவிட்டு எழவில்லை. "இந்த ஒண்ண நீயே தூக்கிக்க, வெர்னா."

"என்ன?"

"அந்தப் பையன் நம்ம தரையில படுத்துக் கெடந்தான். நான் வாயத் தொறக்கல. எனக்கே என்னப் பாக்கப் புடிக்கல. இதுக்கு மேல என்னால ஆகாது."

நாற்பது வருடத்தில் அவன் அவளிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை. அவளே தூக்கிக்கொண்டு போனாள்.

அஞ்சலக வாசலில் காரை நிறுத்திவிட்டு, முகவரியைச் சரிபார்க்கத் தொலைபேசியை எடுத்தாள். ஒரு செய்தி காத்திருந்தது. ஒரேகான்.

'உங்கள் சேவல் நல்ல விலைக்குப் போனதைப் பார்த்தேன். வாழ்த்துகள். ஒரு உதவி. நீங்கள் நிறைய இடங்களில் பழைய சாமான் பார்ப்பீர்கள் போலிருக்கிறது. எப்போதாவது வாலடியில் மூளியோடு ஒன்று கண்ணில் பட்டால், என்ன விலை என்றாலும் எனக்குச் சொல்வீர்களா? உங்கள் மதிப்பீடுகளைப் படித்தேன். நேர்மையானவர் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.'

வெர்னா அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. தொலைபேசியை மடியில் குப்புற வைத்தாள். தபால்காரர்கள் வந்தார்கள், போனார்கள். தெரிந்த பெண் ஒருத்தி கையசைத்தாள். பதிலுக்குக் கையசைக்க வெர்னாவின் கை எழவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாளோ, வெயில் ஏறிக் காருக்குள் மூச்சு முட்டியது. வண்டியைத் திருப்பினாள்.

வீட்டில் பெட்டியைப் பிரித்து, பஞ்சை நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனில் நனைத்து வாலடியைத் துடைத்தாள். சிவப்பு பஞ்சில் இறங்கியது. பசையை ஊசியால் நெம்பி எடுத்தாள். மூளி வெளியே வந்தது. பிறகு உட்கார்ந்து ஆர்கன்சாக்காரருக்கு எழுதினாள். பொருளில் மூளி இருந்தது, நான் மறைத்தேன், பணம் முழுவதையும் திருப்பிவிட்டேன், மன்னிக்கவும். வேறு சாக்கு எழுத வந்ததை அழித்தாள். அரைமணி நேரத்தில் அவளுடைய பக்கத்தில் முதல் சிவப்பு விழுந்தது. 'பொய் சொல்லி விற்கிறவள். ஜாக்கிரதை.' அவள் அதற்கு மறுப்பு எழுதவில்லை.

டேரல் தன் வீட்டு வாசலில் குழாய்த் துண்டுகளை வண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவள் கையில் இருந்ததைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"கெடச்சிடுச்சா! டெக்சஸ்காரருகிட்டயிருந்து வாங்கிட்டீங்களா? மிஸ் வெர்னா, நீங்க..."

அந்தச் சந்தோஷத்தை அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடுவான்.

"டெக்சஸ்காரரே கெடையாது, டேரல். இது என் வீட்டைவிட்டு எங்கயும் போகல."

அவனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"அன்னிக்கு நான் தொட்டிக்குக் கீழ கெடந்தப்போ..."

"பின்னறையில இருந்துச்சு."

டேரல் சேவலை வாங்கிக்கொண்டான். வாலைத் திருப்பி மூளியைக் கட்டைவிரலால் தடவினான். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிற்க வசதியாக இருந்திருக்கும். சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து அக்காவை அழைத்தான். எடுக்கவில்லை. சேவலின் வாலைப் படம் பிடித்து அனுப்பினான். ஒரு நிமிடத்துக்குள் அவளே அழைத்தாள்.

"எங்கடா இருந்துச்சு?" பெண் குரல் மூச்சிரைக்க ஒலித்தது. "டேரல், அது நெஜமாவே அதானா? யாரு வெச்சிருந்தாங்க?"

டேரல் வெர்னாவைப் பார்த்தான். "நம்ம சர்ச்ல ஒருத்தங்க" என்றான். அவளுக்கு வழிவிடத்தான் சொன்னான். அது அவளுக்குத் தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நடந்து போய்விட்டிருக்கலாம்.

"என்கிட்டக் குடுப்பா" என்று கை நீட்டினாள். "கோலீன், என் பேரு வெர்னா ஸ்டோல்ட்ஸ். நீங்க மூளி இருக்கான்னு கேட்டீங்களே, இல்லன்னு எழுதினது நான்தான். மூடி மறைச்சிருந்தேன். உங்க தம்பி வீடு தேடி வந்து கேட்டப்பவும் இல்லன்னுட்டேன்."



"எத வெச்சு மறைச்சீங்க?" என்றாள் கோலீன்.

"நெயில் பாலிஷ்."

"போயிடுச்சா அது? முழுசா?"

"முழுசா எடுத்துட்டேன்மா."

"டேரல்கிட்டக் குடுங்க."

அவள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டே இருந்தார்கள். டேரல் ஒரு கட்டத்தில் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேவலை அணைத்தபடி வீட்டுக்குள் போனான். வெர்னா போகலாமா நிற்கலாமா என்று தெரியாமல் குழாய்த் துண்டுகளுக்குப் பக்கத்தில் நின்றாள். யாரும் வெளியே வரவில்லை. வீட்டுக்குப் போனாள்.

அந்த வாரம் முழுவதும் தளத்தில் போட்டிருந்த நாற்பது சொச்சம் பொருள்களையும் விளக்கடியில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பால் ஜாடியின் கைப்பிடி ஒட்டப்பட்டது என்று எழுதினாள். தட்டில் தலைமுடி அளவு விரிசல் என்று எழுதினாள். முன்பு இப்படி மறைத்து விற்றதை வாங்கிய இரண்டு மூன்று பேருக்கும் கடிதம் போட்டாள். ஒருவர் பதில் எழுதினார், மற்றவர்கள் எழுதவில்லை. காலைக் காப்பியோடு மதிப்பீட்டுப் பக்கத்தைத் திறக்கும் பழக்கம் தானாக நின்றுபோயிற்று. ரஸ் மறுபடி பெட்டிகளைத் தூக்க ஆரம்பித்தான். ரசிகர் மன்றம் என்ற பேச்சை அவன் எடுக்கவேயில்லை.

டேரல் சர்ச்சில் பார்த்தால் தலையசைப்பான். மரியாதைக்குக் குறைவில்லை. நின்று பேசுவதுதான் இல்லை.

நவம்பரில், வெளியூரிலிருந்தெல்லாம் குடும்பங்கள் வந்து கூடும் நன்றித் திருநாளுக்கு முந்தைய ஞாயிறு, வெர்னாவும் ரஸ்ஸும் வழக்கமான இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆராதனை தொடங்குகிற நேரத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி, மழைக்கோட்டோடு, பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று சைகையால் கேட்டாள். வெர்னா நகர்ந்து இடம் கொடுத்தாள். பாடல் புத்தகம் அந்தப் பக்கம் இல்லை. தன்னுடையதை விரித்து இருவருக்கும் நடுவில் பிடித்தாள். அந்தப் பெண்ணுக்கு நல்ல கனமான குரல். இரண்டாவது சரணத்தில்தான் வெர்னாவுக்கு அது தொலைபேசியில் கேட்ட குரல் என்று தட்டுப்பட்டது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்து, ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகுலுக்கும் நேரம் வந்தது. முன்வரிசையில் டேரல் திரும்பிப் பார்த்துவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் கோலீன்" என்று அந்தப் பெண் கையை நீட்டினாள்.

"நான்..." வெர்னா அந்தக் கையைப் பற்றினாள். "நான் வெர்னா."

"தெரியும்" என்றாள் கோலீன். "டேரல் காட்டினான். தெரிஞ்சுதான் இங்க வந்து உக்காந்தேன்."

அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. இறுக்கவும் இல்லை, உடனே எடுக்கவும் இல்லை. வேறு ஏதாவது சொல்வாள் என்று வெர்னா காத்திருந்தாள். கோலீன் கையை விடுவித்துக்கொண்டு, பின்வரிசைக்காரருக்குச் சமாதானம் சொல்லத் திரும்பினாள். பிரசங்கம் தொடங்கியது. பாதிரியார் என்ன சொன்னார் என்று வெர்னாவுக்கு ஒரு வார்த்தைகூட விழவில்லை. கன்னம் இரண்டும் எரிய, மடியில் மூடியிருந்த புத்தகத்தைப் பார்த்தபடி, கடைசி வரைக்கும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தாள்.